அணைக்காத சூடம்

1

இந்தக் கதை எனக்குக் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் கிடைத்தது. 1957ஆம் ஆண்டு, ஜூலை மாதம். வேறொரு வழக்கின் செய்திக்காக மலாக்கா மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். அந்த வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மழை விடட்டும் என்று தூணோரம் நின்றேன். பக்கத்தில் தமிழர்கள் சிலர் கூடி நின்றார்கள். நடுவில் நின்ற ஒருவன் தரையைப் பார்த்தபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"அது மட்டும் என்னால முடியாதுக்கா."

எதிரில் நின்ற பெண்மணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பிவிட்டாள். கூட்டம் கலைந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருவரிடம் என்ன விஷயம் என்று விசாரித்தேன்.

"சூடம் அணைக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டான். அப்புறம் என்ன, தெரிஞ்சுபோச்சுல்ல."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவன் பெயரோ, எதற்கான வழக்கு என்பதோ, பிறகு என்ன ஆயிற்று என்பதோ எதுவும் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அவன் திருடனாகவே இருந்திருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் கதை ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். அவன் நின்ற நிலை என்னை அப்படி எழுத விடவில்லை.

(சூடம் அணைப்பதை அறியாத வாசகர் இருந்தால் ஒரு சொல்: பொய் சொல்கிறாய் என்று ஒருவனைச் சந்தேகித்தால், அம்மன் சந்நிதியில் சூடம் ஏற்றி, "நான் சொல்வது சத்தியம்" என்று உள்ளங்கையால் அடித்து அணைக்கச் சொல்வார்கள். அணைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. பொய்யாக அணைத்தவன் குடும்பம் என்னவாகும் என்பது பற்றி ஊரில் கதைகள் உண்டு.)

2

முதல் தொடக்கம்: "சாரதாம்பாளின் தையல் மெஷின் சத்தம் நின்றுபோன அன்று காஜா பேராங்கில்—"

அடித்துவிட்டேன். மெஷின் நின்ற நாளில் சாரதாம்பாள் ஊரிலேயே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "சுதந்திரம் வரப்போகிற நாட்டில் ஓர் ஏழைப் பெண் நீதியின் படியேறி—"

இதையும் அடித்தேன். இது தலையங்கம். சாரதாம்பாள் நீதியின் படி எதையும் ஏறவில்லை. கோர்ட்டுக்கு எதிரே மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்திருந்த மனு எழுதுபவரிடம்தான் முதலில் போனாள். அவர் நாற்காலி கொடுத்தார். "யார் மேலம்மா?" என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரர் மேல் என்றாள். "எல்லாரும் எதிர்வீடு, பக்கத்துவீடுதான். தூரத்து ஆள் மேல யாரும் எங்கிட்ட வர்றதில்ல," என்று சொல்லிக்கொண்டே தாளைச் சொருகினார்.

கதை அங்கிருந்தே தொடங்கட்டும்.

3

சாரதாம்பாள் விதவை. காஜா பேராங்கில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து, பெண்டஹாரா சாலைத் துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். மகளை சிரம்பானில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகளின் முதல் பிரசவத்துக்கு உதவியாகப் போகவேண்டியிருந்தது. போகிற நேரத்தில் வீட்டுக்காரர் அறைக்குக் கூரை மாற்றவேண்டும் என்றார். காலால் மிதிக்கும் தையல் மெஷினை மழைக்கு விடமுடியாது. எதிர்வீட்டு ஜெயபாலனிடம் கேட்டாள். அவன் முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் வேலை பார்ப்பவன். மனைவி கோகிலா. இன்னும் பிள்ளை இல்லை.

"வச்சுட்டுப் போங்கக்கா. எங்க வீட்டுல எடம் மட்டுந்தான் நெறைய இருக்கு," என்றான்.

அவள் திரும்பி வந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

ஜெயபாலன் சொன்னது இது: உங்கள் தம்பி மருதமுத்து ட்ரைஷா வண்டியோடு வந்தார். அக்கா கொண்டுவரச் சொன்னார்கள் என்றார். நானும் அவருமாகத் தூக்கி ஏற்றினோம், கோகிலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதமுத்து சொன்னது இது: அந்த வீட்டுப் பக்கமே நான் போகவில்லை.

ஒருவன் கூடப்பிறந்தவன். இன்னொருவன் எதிர்வீட்டுக்காரன். சாரதாம்பாள் யாரை நம்பினாள் என்று நான் எழுதவேண்டியதில்லை. மெஷின் இல்லாமல் ஒரு வாரம் கைத்தையல் போட்டுப் பார்த்தாள். துணிக்கடைக்காரர் அப்துல் ஹமீது, அவசரமான துணிகளை வேறு ஆளிடம் கொடுத்திருப்பதாகவும், மெஷின் கிடைத்ததும் வரும்படியும் மரியாதையாகவே சொன்னார். அந்த மரியாதைதான் அவளை மரத்தடிக்கு அனுப்பியது.

4

சிறிய வழக்குகள் நடக்கிற விதம் பற்றி ஒரு நிருபனாக எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். வக்கீல் தேவையில்லை. மனு எழுதி, முத்திரை வில்லை ஒட்டி, கோர்ட்டுக் குமாஸ்தாவான கிராணியிடம் கொடுத்தால் ஒரு தேதி கிடைக்கும். கோர்ட்டுச் சேவகன் சைக்கிளில் வந்து எதிராளி கையில் சம்மன் கொடுப்பான். அதைத் தெருவே பார்க்கும். உண்மையில் பாதி தண்டனை அந்தச் சைக்கிள் நிற்கும்போதே முடிந்துவிடுகிறது. பிறகு குறித்த நாளில் போய் பெஞ்சில் காத்திருக்கவேண்டும். கூலி வேலைக்காரனுக்கு அன்றைய கூலி போயிற்று. பெயர் கூப்பிட்டால் உள்ளே சில நிமிடங்கள். ஆங்கிலத்தில் கேட்பார்கள், துபாஷி தமிழில் சொல்வார், நாம் மூச்சுவிடாமல் சொல்வதை அவர் இரண்டு வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுப்பார்.

நான் துபாஷிக்கு ராஜரத்தினம் என்று பெயர் வைத்திருக்கிறேன். முதல் பிரதியில் அவரை முசுடாக எழுதினேன். பிறகு மாற்றினேன். நாள் முழுவதும் மற்றவர் சண்டையை இரண்டு மொழியிலும் வாயால் சொல்லவேண்டிய மனிதர் அவ்வளவு முசுடாக இருந்திருக்க முடியாது.

இங்கிலாந்து ராணியின் படத்துக்குக் கீழே மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருந்தார். சாட்சிக் கூண்டில் ஏறிய ஜெயபாலன், உண்மையையே சொல்வதாக, ராஜரத்தினம் சொல்லச் சொல்லத் தமிழில் உறுதி சொன்னான். பிறகு உண்மையையே சொன்னான். மெஷினை வாங்கி வைத்தது உண்டா? உண்டு. யாரிடம் கொடுத்தாய்? அவர்கள் தம்பியிடம். அடுத்து மருதமுத்து ஏறினான். அதே உறுதியைச் சொன்னான். இல்லை என்றான்.

கொடுத்ததைப் பார்த்தவர்கள் யார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"என் சம்சாரம் பாத்தாங்க."

அவளை ஏன் அழைத்துவரவில்லை?

ஜெயபாலன் அவளுக்கு உடம்பு சரியில்லை என்றான். என்ன உடம்புக்கு என்று கேட்டதற்கும் அதையே திருப்பிச் சொன்னான். மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். எதிரெதிர் வீட்டில் வாழப்போகிறவர்கள், சாப்பாட்டு நேரத்தில் வெளியே பேசி ஒரு முடிவுக்கு வரமுடியுமா பாருங்கள், இல்லாவிட்டால் அந்த அம்மாளுக்கும் சம்மன் அனுப்பவேண்டியிருக்கும் என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் இந்தக் கதையில் அவரைக் குறை சொல்லப்போவதில்லை.

5

தாழ்வாரம். மழை. இந்தப் பகுதியை மட்டும் நான் இட்டுக்கட்டவில்லை. அதில் ஒரு வாக்கியத்தையாவது.

கூடி நின்றவர்கள் எல்லாரும் காஜா பேராங் ஆட்கள். வேடிக்கை பார்க்கவும் சமாதானம் செய்யவும் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். சாரதாம்பாள் ஜெயபாலனைப் பார்த்துப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்குக் கேஸ் வேணாம் தம்பி. நம்ம மாரியம்மன் கோயில்ல சூடத்தை அணைச்சு, மருதமுத்துகிட்ட குடுத்தேன்னு சொல்லு. சரின்னா நான் இப்பவே உள்ள போயி கேஸை வாபஸ் வாங்கிக்கறேன். மெஷின் போனாப் போவுது."

நல்ல பேரம் என்று கூட்டம் நினைத்தது. அவளுக்கும் அது பெரிய மனதாகத்தான் பட்டிருக்கும். உண்மை சொல்பவனுக்கு ஒரு நிமிட வேலை.

ஜெயபாலன் தரையைப் பார்த்தான்.

"அது மட்டும் என்னால முடியாதுக்கா."

"பாத்தீங்கள்ல," என்று யாரோ சொன்னார்கள். "அப்பவே சொன்னேன்லா," என்றார் இன்னொருவர். கூட்டத்தில் ஒரு செட்டி வீட்டு அம்மாளும் இருந்தார். மலாக்காச் செட்டிகள் தலைமுறைகளாக மலாய் பேசுபவர்கள், அவருக்குத் தமிழ் வராது. என்ன நடந்தது என்று மலாயில் கேட்டார். மலாயிலும் சொன்னார்கள். இரண்டு மொழியிலும் தீர்ப்பு ஒன்றாகவே இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜெயபாலன் ராஜரத்தினத்திடம் போய், கேஸை ஒத்துக்கொள்வதாகச் சொல்லிவிடும்படி கேட்டான். யோசித்துச் சொல் என்று அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவன் மாற்றவில்லை. அதேபோன்ற மெஷின் ஒன்றைக் கெடுவுக்குள் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

கெடுவுக்கு முன்பே கொடுத்துவிட்டான். பழைய மெஷின் ஒன்றைத் தவணைக்கு எடுத்து, ட்ரைஷாவில் ஏற்றிவந்து, சாரதாம்பாள் வாசலில் தனியாகவே இறக்கிவைத்தான். உள்ளே வரவில்லை. அவள் மிதித்துப் பார்த்தாள். நன்றாக ஓடியது.

6

ஏன் மறுத்தான்?

இங்கே நான் வெகுநாள் நின்றுவிட்டேன். தெய்வத்தில் நம்பிக்கை இல்லாதவன் என்று எழுதிப் பார்த்தேன். நம்பிக்கை இல்லாதவனுக்கு அணைப்பதில் என்ன தயக்கம்? ரோஷக்காரன் என்று எழுதினேன். ரோஷக்காரன் அப்படித் தரையைப் பார்க்கமாட்டான். கடைசியில் அவனுக்கு ஒரு கோகிலாவைக் கொடுத்தேன்.

கோகிலா அப்போது மூன்று மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டு முறையும் செய்தி தெருவுக்குத் தெரிந்த பிறகே கலைந்தது. இந்த முறை வயிறு தானாகத் தெரியும்வரை யாருக்கும் மூச்சுவிடக் கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தார்கள். அவள் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கவில்லை. அவளைக் கோர்ட்டுப் படி ஏற்றி, கூண்டில் நிறுத்தி, பத்துப் பேர் முன்னால் பதில் சொல்லவைக்க அவன் துணியவில்லை. சூடமோ அதைவிடப் பெரிது. மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் எரிகிற தீயைக் கையால் அணைக்கமாட்டான். உண்மைக்காக என்றாலும் மாட்டான். அவர்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது அது தோன்றியிருக்கலாம். கோகிலாவின் நிலை தெரியாததால் தோன்றவில்லை.

[பிரதியைப் படித்த நண்பர் கேட்டார்: "ஆறு மாசம் கழிச்சு அணைக்கிறேன்னு அவன் சொல்லியிருக்கலாமே?" சொல்லியிருக்கலாம். அந்த வசனத்தை எழுதியும் பார்த்தேன். ஆறு மாதம் என்று ஒரு கல்யாணமான ஆண்பிள்ளை சொன்னால், அங்கிருந்த பெண்கள் பஸ் ஏறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். மாலையில் பலகாரத்தோடு கோகிலாவைப் பார்க்க வந்துவிடுவார்கள்.]

கூண்டில் அவன் சொன்ன உறுதி இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அதை அவன் உட்பட யாரும் சத்தியமாக எண்ணவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அங்கே தீ இல்லை. துபாஷி சொன்னதைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். மருதமுத்துவும் அதே எண்ணத்தில்தான் திருப்பிச் சொன்னான்.

7

ஆகஸ்டில் மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தது. தெருவில் கொடி கட்டினார்கள். ஜெயபாலன் வீட்டுக்குக் காகிதத் தோரணம் கொடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை.

தீபாவளிக்கு சாரதாம்பாள் கிளேபாங்குக்குப் பலகாரத் தட்டோடு போனாள். அவள் சிரம்பானில் இருந்தபோது மருதமுத்துவுக்குக் கிளேபாங்கில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதக் கடைசியில் கல்யாணம். பெண் பெயர் சந்திரமதி. நாத்தனார் முதன்முதலாக வருகிறார் என்று நல்ல சேலை உடுத்தி நின்றாள்.

கூடத்து மூலையில் பூவேலை செய்த துணி போர்த்தி ஒரு தையல் மெஷின் இருந்தது.

"உங்க தம்பி பரிசத்துக்குக் குடுத்தாருக்கா," என்று சந்திரமதி சிரித்தாள். "புதுசுன்னு நெனச்சோம். பழசுதான் நல்லா ஓடும், எங்கக்காவைக் கேட்டுப் பாருன்னாரு."

துணியை விலக்கினாள். பலகையின் வலது ஓரத்தில் இஸ்திரிப்பெட்டியின் நுனி சுட்ட கறுப்புத் தடம். கணவர் இறந்த வருடம், யாரோ வாசலில் கூப்பிட, சாரதாம்பாள் மறந்து வைத்துவிட்டுப் போன பெட்டி. அவள் விரலால் அதைத் தொட்டாள்.

இங்கே அவள் கத்தவேண்டும் என்று எழுதினேன். தட்டைக் கீழே போடவேண்டும் என்றும். இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் சொன்னது இதுதான்:

"வாரம் ஒரு தடவை எண்ணெய் விடணும்மா. இல்லன்னா நூலை அறுக்கும்."

திரும்பும்போது கடலோரப் பாதையில் பஸ்ஸுக்கு நின்றபடி, கூட வந்திருந்த தம்பியிடம் கேட்டாள். மருதமுத்துவை நான் கெட்டவனாக எழுதவில்லை, முயன்றேன், வரவில்லை. பரிசத்துக்கு ஏதாவது பெரிதாகக் கொடுக்க ஆசைப்பட்டான். அக்கா வருவதற்குள் வேறு வாங்கி அந்த இடத்தில் வைத்துவிடலாம் என்றிருந்தான். சிரம்பானில் பிரசவம் முன்கூட்டியே ஆகிவிட்டது.

"நீ அதுக்குள்ள வந்து நிப்பேன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"கூண்டுல ஏறி இல்லன்னியேடா."

"அத்தன பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்க. எப்படி ஆமான்னு சொல்றது?" கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கல்யாணம் முடியட்டும்க்கா. நானே போயி அவன் கால்ல விழறேன்."

தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டு வாசலில் கோகிலா நின்றாள். மறைக்கமுடியாத வயிறு. சாரதாம்பாள் மனதுக்குள் மாதங்களைப் பின்னோக்கி எண்ணத் தொடங்கி, ஜூலை வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரமே சந்திரமதியின் கல்யாண ரவிக்கையைத் தைக்க உட்கார்ந்தாள். ஜெயபாலன் கொண்டுவந்து இறக்கிய மெஷினில்.

8

தை பிறந்து சில நாளில் கோகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் சாரதாம்பாள் கோர்ட்டுக்குப் போனாள். ராணியின் படம் இருந்த இடத்தில் சுவர் வெளுத்து ஒரு சதுரம் தெரிந்தது. ராஜரத்தினம் அவளை அடையாளம் கண்டுகொண்டார். வந்த விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"தோத்தவங்கதான் இங்க திரும்பி வருவாங்க. ஜெயிச்சதை வேணாம்னு வந்தவங்களை நான் பாத்ததில்லம்மா."

வழி உண்டு என்றார். இருவரும் சேர்ந்து வந்து கேட்டால் தீர்ப்பை ரத்து செய்யலாம். ஏன் என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க தம்பி அன்னிக்குக் கூண்டுல உறுதி சொல்லிட்டு என்ன சொன்னாருங்கறதையும் கேப்பாரு. அது சின்ன விஷயமில்ல," என்றார்.

அவள் நேராக ஜெயபாலன் வீட்டுக்குப் போனாள். அவன் கொல்லையில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், தம்பியின் பெயர் உட்பட. அவன் துணியைப் பிழிந்து கொடியில் போட்டான். ஆச்சரியப்படவில்லை; அவனுக்குத் தெரிந்ததுதானே.

"மெஷினைக் கொண்டாந்து எறக்கட்டுமா தம்பி?"

"வேணாம்கா. கோகிலாவுக்குத் தைக்கத் தெரியாது."

"கோர்ட்டுக்கு வா. ரெண்டு பேரும் போயி சொல்லுவோம்."

"கோர்ட்டுல தோத்தது எனக்கு ஒண்ணுமில்லக்கா. தொரை என்னைத் திருடன்னு சொல்லவே இல்ல. தாழ்வாரத்துலதான் தோத்தேன்." அடுத்த துணியை எடுத்தான். "ஆபீசுல ஸ்டோர் சாவி எங்கிட்டதான் இருக்கும். இப்ப இல்ல. யாரும் ஒண்ணும் சொல்லல. சாவி மட்டும் வேற ஆள்கிட்டப் போயிருச்சு. அதுக்கு எந்த கோர்ட்டுல மனு குடுக்கறது?"

உள்ளேயிருந்து கோகிலாவின் குரல் வந்தது. பிரசவித்த உடம்பின் களைப்புக் குரல்.

"அக்கா, அம்மன் முன்னாலதான அணைக்கச் சொன்னீங்க. அங்கியே சொல்லிடுங்க. நீங்க அணைங்க."

9

முடிவுகள்.

ஒன்று: வெள்ளிக்கிழமைப் பூசையில் சாரதாம்பாள் சூடம் அணைத்து, ஜெயபாலன் சொன்னது சத்தியம் என்கிறாள். அப்படியானால் மெஷினை எடுத்தது யார் என்று கேட்கிறார்கள். ஜெயபாலன் சொன்ன பெயர் எல்லாருக்கும் நினைவிருப்பதால் அவள் வாயே திறக்கவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் நிற்கிறது. சந்திரமதி அந்த ரவிக்கையை—

இரண்டு: தம்பி சொன்னபடி கல்யாணம் வரை பொறுக்கிறாள். அதன் பிறகு சந்திரமதி முழுகாமல் இருக்கிறாள். இப்போது சொல்லலாமா? பிறகு குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். இந்த முடிவை எவ்வளவு நீளமாகவும் எழுதலாம். அதனால்தான் நிறுத்தினேன்.

மூன்று: மருதமுத்துவே வருகிறான். இதை மிகவும் விரும்பினேன். ஒரு நாள் முழுக்க எழுதினேன். நான் உண்டாக்கிய மருதமுத்து அந்தக் கோயில் வாசலுக்கு வர மறுத்துவிட்டான்.

ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்த இடம்வரை எழுதி நிறுத்துகிறேன். வெள்ளிக்கிழமை மாலை. மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்துவிட்டது. அன்று தாழ்வாரத்தில் நின்றவர்கள் அநேகமாக எல்லாரும் இருக்கிறார்கள், அந்தச் செட்டி வீட்டு அம்மாள் உட்பட. கொஞ்சம் இருங்கள் என்று சாரதாம்பாள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பூசாரி தட்டில் சூடத்தை வைத்து ஏற்றிவிட்டார்.

ஜெயபாலன் உள்ளே இல்லை. குழந்தை பிறந்த தீட்டு, முப்பது நாள் இன்னும் ஆகவில்லை. கோயிலுக்குள் வரக் கூடாது. வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும். எதிர்ப்பக்கம், ரோட்டோரத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அங்கிருந்து அவனுக்குச் சூடம் தெரியவில்லை. சாரதாம்பாளும் தெரியவில்லை. கூட்டத்தின் முதுகுகள் மட்டும் தெரிகின்றன. உள்ளே பேசுவது எதுவும் இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. அவர்கள் திரும்பி வெளியே வரும்போது, அவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அவன் தெரிந்துகொள்ள முடியும்.

நான் அவனை ஒரு முறை தாழ்வாரத்தில் பார்த்தவன். வெகுநேரம் பார்க்கவில்லை. மழை விட்டதும் போய்விட்டேன். நீங்கள் கொஞ்சம் அவனோடு ரோட்டில் நில்லுங்கள். கூட்டம் இன்னும் திரும்பவில்லை.